ஊறிய கல்

கல் உடைவதற்கு முன் சத்தம் போடும். அன்றுவரை எனக்கு அது தெரியாது. ரப்பர் அமுக்கும் பிரஸ்ஸின் இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவில், தேங்காய் அளவுக்குச் சதுரமாக வெட்டிய ஒரு வெள்ளைக் கல் உட்கார்ந்திருந்தது. நான் பம்பின் கைப்பிடியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். அழுத்தம் காட்டும் வட்டக் கண்ணாடிக்குள் முள் மெதுவாக நகர்ந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு கல்லுக்குள்ளிருந்து, எண்ணெயில் கடுகு பொரிவதுபோலச் சின்னச் சின்ன வெடிப்புகள் கேட்டன. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. வாசலில் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்த அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “உள்ள யாரோ உக்காந்து கடலை மெல்றாங்க லா தம்பி. மென்னு முடிக்கட்டும், மெதுவா அமுக்கு” என்றார். மேசையருகே கணக்கு எழுதிக்கொண்டிருந்த கிராணியார்கூடச் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. பெண்கள் முன்னால் சிரிப்பதற்கே கூச்சப்படுகிறவன் நான். அப்போது எனக்கு இருபத்தேழு வயது.

அந்த அக்காவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் பிற்பகுதியில், மலாயாவில் ஈப்போவுக்குத் தெற்கே சுண்ணாம்பு மலைகளின் அடிவாரத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் வேலை செய்தோம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புவரை படித்தவன் நான். எழுத்து எனக்கு வேலையாக இருந்ததில்லை. இப்போது ஈப்போ நகரத்தில் ஒரு மரக்கடையில் காவலாளியாக இருக்கிறேன். பகலில் பொழுது நிறையக் கிடைக்கிறது. எதிரே புதிய கட்டடம் ஒன்று எழும்புகிறது. வேலையாட்கள் கல்லை இறக்கும் ஓசை கேட்கும்போதெல்லாம் என் கை தானாக ஒரு கைப்பிடியைத் தேடுகிறது. முப்பது வருடம் ஆகப்போகிறது, அந்தப் பழக்கம் போகவில்லை.

ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தோட்டத்தின் ரப்பர்த் தொழிற்சாலையை. மரத்திலிருந்து வந்த பால் அங்கேதான் உறைந்து, உருளையில் தட்டையாகி, புகைக்கூடத்தில் தொங்கிக் காய்ந்து, பழுப்பு நிறத் தகடாக மாறும். அந்தத் தகடுகளை அடுக்கிப் பெட்டிக்குள் அமுக்கும் பிரஸ் என் பொறுப்பில் இருந்தது. அந்த வேலையில் ஒரே ஒரு விதிதான் முக்கியம். ஈரமான எதுவும் பிரஸ்ஸுக்குள் போகக் கூடாது. ஈரத் தகடு ஒன்று பெட்டிக்குள் போய்விட்டால், கப்பல் ஏறிச் சீமைக்குப் போய்ச் சேருவதற்குள் அந்தப் பெட்டி முழுவதும் பூஞ்சை பிடித்துவிடும். பழி பிரஸ்காரன் தலையில் விழும். ஆறு வருடம் அந்த வேலையைச் செய்தேன். ஒவ்வொரு தகட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் உள்ளே வைப்பேன். ஈரத்தைக் கண்டாலே என் கை பின்வாங்கும். இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் நான் செய்த தவறு சோம்பலால் வந்ததல்ல. அந்தக் கவனத்தால் வந்தது.

அக்கா புல்வெட்டுக் கும்பலில் வேலை செய்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், என் உறவு இல்லை. கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த எல்லோருக்கும் அவர் அக்காதான். முந்தின வருட மழையில் அவருடைய மகள் வயிற்றுப்போக்கில் போய்விட்டாள். மூன்று வயது. அந்த மழையில் எங்கள் லயத்தில் போனவள் அவள் மட்டுமல்ல. சுங்கை என்று நாங்கள் சொல்லும் ஆற்றில்தான் எல்லோரும் தண்ணீர் மொண்டோம். மேலே ஈயச் சுரங்கத்திலிருந்து வரும் சேறும், மாட்டுக் கொட்டகைக் கழிவும், மழை வந்தால் கக்கூஸ் பள்ளத்தில் தேங்குவதும் அந்தச் சுங்கையில்தான் கலந்தன. மகள் போன பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு காலை, பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அக்கா வரிசையை விட்டு வெளியே வந்து வெள்ளைக்காரத் துரையின் முன்னால் நின்றார். அப்படி ஒரு பெண் வந்து நின்று நான் பார்த்ததில்லை. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கையை ஓங்கினார். அக்கா அசையவில்லை.

“துரை, லயத்துக்குத் தண்ணி வேணும். மலைத் தண்ணி. குழாயில வரணும். நாங்க கல்லு சொமக்குறோம், மண்ணு சொமக்குறோம், என்ன சொமக்கச் சொன்னாலும் சொமக்குறோம். தண்ணி மட்டும் குடுங்க.”

துரைக்குத் தோட்டத் தமிழ் தெரியும். அவர் அன்று அக்காவை வரிசைக்குத் திருப்பி அனுப்பினார். ஆனால் சில வாரம் கழித்து மலை ஊற்றிலிருந்து குழாய் இழுக்க அளவெடுக்க ஆரம்பித்தார்கள். லயத்துக்குப் பத்தடி தள்ளி நான்கு கல் தூண்கள் எழுப்பி, மேலே இரும்புத் தொட்டி வைப்பதாக முடிவானது.

கல்லுக்குத்தான் பிரச்சினை. மலையின் நல்ல கல் கடினமானது. வெடி வைத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கு ஆள் வர மாதங்கள் ஆகும், அதற்குள் மழை வந்துவிடும். ஆனால் மலையடிவாரத்துக் குகை வாயில் வேறொரு கல் இருந்தது. மேலிருந்து சொட்டிய தண்ணீர் வருடக்கணக்கில் படிந்து கல்லானது என்றார்கள். வெள்ளையாக, உள்ளே தேன்கூடுபோலப் பொடிப்பொடியான துளைகளோடு, தூக்கினால் லேசாக இருக்கும். ரம்பத்தால் அறுக்கலாம். பெண்கள் தலையில் சுமந்து வரலாம். அந்தக் கல் பாரம் தாங்குமா என்று பார்க்கத்தான் துரை என் பிரஸ்ஸைக் கேட்டார். கல்லை அறுத்துச் சுமந்து வரும் வேலைக்கு அக்காவே முன்வந்தார். அன்றிலிருந்து புல்வெட்டு அக்கா, கல்லுக்கார அக்கா ஆனார்.

அக்காவுக்கு ஒரு பழக்கம். எந்தக் கல்லைக் கையில் எடுத்தாலும் நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பார். மகளை வயிற்றில் சுமந்தபோது மண், சாம்பல், கல் என்று எதையாவது நக்கிக்கொண்டே இருக்கத் தோன்றுமாம். பிள்ளை பிறந்த பிறகும் நாக்கு மறக்கவில்லை என்பார். குகைக் கல்லை முதல் நாள் நாக்கில் வைத்துவிட்டு, “இது நாக்கைப் புடிச்சு இழுக்குது லா. தாகம் எடுத்த கல்லு” என்று சொன்னார். நான் நம்பவில்லை. யாரும் இல்லாதபோது ஒரு துண்டை எடுத்து நானும் வைத்துப் பார்த்தேன். உண்மைதான். காய்ந்த கல் நாக்கின் ஈரத்தைக் குடித்து, நாக்கோடு ஒட்டிக்கொள்கிறது.

முதல் நாள் துரையும் கூடவே நின்றார். கடுகு பொரிகிற சத்தம் வந்த பிறகு கல் உடையும் என்று நினைத்தோம். உடையவில்லை. நான் பம்பு அடித்தும் முள் ஒரே இடத்தில் நின்றது. கல் உயரம் குறைந்துகொண்டிருந்தது. உள்ளே துளைகளின் சுவர்கள் நொறுங்கி, ஒன்றன்மேல் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தன என்று பிறகு புரிந்துகொண்டேன். இறங்கி முடிந்ததும் கல் இறுகியது. முள் மறுபடி ஏறியது. அதன் பிறகே நெடுக்காகப் பிளந்து விழுந்தது. துரை அதோடு விடவில்லை. இன்னொரு துண்டைக் கனமான இரும்பு வளையத்துக்குள் இறுக்கமாகப் பொருத்தி அமுக்கச் சொன்னார். வளையத்துக்குள் இருந்த கல் பிளக்கவே இல்லை. விரிய இடம் இல்லாததால் தன்னுள்ளேயே ஒடுங்கியது. வெளியே தட்டி எடுத்தபோது உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு இல்லை. தேய்த்த சந்தனக் கட்டைபோல வழுவழுப்பாக, கையில் கனமாக இருந்தது. அக்கா அதையும் நாக்கில் வைத்தார். “இது இப்ப ஒட்டலை. வாயை எல்லாம் அடைச்சிட்டியே” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஏனோ அது என்னைப் பற்றிச் சொன்னதுபோல இருந்தது.

துரை போகும்போது கிராணியாரிடம் சொல்லிவிட்டுப் போனார். காய்ந்த கல் மூன்று, ஏழு நாள் தண்ணீரில் ஊறிய கல் மூன்று. இரண்டையும் தனித்தனியாக அமுக்கி, முள் நின்ற இடத்தை எழுதித் தர வேண்டும். கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உடம்பு, எப்போதும் வெள்ளைச் சட்டை. கண் கொஞ்சம் மங்கல். முள் நின்ற இடத்தை நான் சொல்ல, அவர் தன் மேசையில் இருந்தபடியே எழுதுவார். பிரஸ் பக்கம் வர மாட்டார், எண்ணெய் படும் என்று. என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: “இந்த மூண்டு கல்லையும் ஏழு நாள் தண்ணிக்குள்ள போட்டு வையும் காணும். பிறகு எடுத்து அமத்துவம்.”

போட்டு வைத்தேன். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. குகைக் கல்லில் எப்போதும் சேறும் வௌவால் எச்சமும் ஒட்டியிருக்கும். அது போகத்தான் ஊற வைக்கச் சொல்கிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஏழாம் நாள் எடுத்துப் பார்த்தபோது கல் பளிச்சென்று இருந்தது. ஆனால் தண்ணீர் சொட்டியது. சொட்டச் சொட்ட ஒரு பொருளை என் பிரஸ்ஸில் வைக்க என்னால் முடியுமா? தட்டு துருப்பிடிக்கும். துருப்பிடித்த தட்டு ரப்பரைக் கறைப்படுத்தும். மூன்று கல்லையும் புகைக்கூடத்துக்குக் கொண்டுபோய், தகடுகள் தொங்கும் மூங்கில் கம்புகளுக்குக் கீழே அடுக்கினேன். சனிக்கிழமையும் ஞாயிறும் அங்கேயே இருந்தன. திங்கட்கிழமை எடுத்துத் தட்டினால் கணகணவென்று கேட்டது. பிரஸ்ஸில் வைத்து அமுக்கினேன். காய்ந்த கல் எவ்வளவு தாங்கியதோ, ஏறத்தாழ அவ்வளவே இவையும் தாங்கின. நான் சொன்னேன். கிராணியார் ‘ஊறிய கல்’ என்று தலைப்புப் போட்டு எழுதினார். துரை தாளைப் பார்த்துத் தலையசைத்தார். மறுவாரம் தூண் வேலை ஆரம்பமானது.

அக்காவின் கும்பலில் பதினோரு பெண்கள். மலையடிவாரத்திலிருந்து லயம்வரை அரை மைல் தொலைவு. காலையில் நான்கு நடை, வெயில் ஏறிய பிறகு மூன்று நடை. தூண்கள் ஆள் உயரம் தாண்டின, பிறகு இரண்டாள் உயரம். கொத்தனார்கள் மேலே நின்று கல்லை வாங்கும்போது, அக்கா கீழிருந்து கேலி செய்வார். “கோணலா வச்சிடாதீங்கண்ணே. எம்புள்ளைக்குக் கட்டுற கோயிலு அது.” சொல்லிவிட்டுச் சிரிப்பார். மற்றவர்கள் சிரிக்க மாட்டார்கள். தூண்களுக்கு நடுவில் நிழல் விழும். பிள்ளைகள் அங்கே விளையாட ஆரம்பித்தன. தாய்மார் வேலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளைத் தூளி கட்டி விடுவதற்கும் அந்த இடம் வசதியாகப் போனது. மேலே தொட்டியின் இரும்புத் தகடுகளைப் பொருத்த ஆரம்பித்தபோது, ஆகாயத்தில் மேகம் கூடத் தொடங்கியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் அக்கா ஸ்டோருக்கு வந்தார். பாதைப் பள்ளத்தை நிரப்ப, சோதனையில் உடைந்த துண்டுகளை அள்ளிப் போக வந்திருந்தார். அவை பின்புறத்துக் கூரைக்கடியில் இரண்டு குவியலாகக் கிடந்தன. நான் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் கூடைச் சத்தம் நின்றுபோனது தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். ஒரு துண்டை மூக்கில் வைத்து முகர்ந்துகொண்டிருந்தார்.

“தம்பி, இது என்ன கல்லு?”

“ஊற வச்சுப் பாத்த கல்லுக்கா.”

“பொகை வாசம் வருதே.”

காய வைத்ததைச் சொன்னேன். பெருமையாகவே சொன்னேன். அக்கா துண்டைக் குவியலிலேயே திரும்பப் போட்டார். பிறகு கூடையைக் கீழே வைத்தார்.

“கொகை வாயில நின்னு பாரு தம்பி. மழை பேஞ்ச மறுநாளு அந்தக் கல்லுல கடப்பாரை எறங்குறது வேற. காஞ்ச நாளு எறங்குறது வேற. ஈரமா இருந்தா சத்தமே வராது. கருப்பட்டியில குத்துற மாதிரி போகும்.” லயம் இருந்த பக்கம் கையைக் காட்டினார். “தொட்டிக்கு அடியில நிக்கிற கல்லு காஞ்சா நிக்கும்? மேல தண்ணி, சுத்தி மழை, ஒழுகுற குழாய். அதுக்குத்தானே தொரை ஊற வைக்கச் சொல்லியிருப்பாரு.”

என் கையிலிருந்த சுத்தியல் எப்போது கீழே விழுந்தது என்று தெரியவில்லை. அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன், சுலபமாக இருந்திருக்கும். “மூணு கல்லு கொண்டாரேன். திரும்ப ஊற வையி. இந்தத் தடவ காய வைக்காத” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடி ஏழு நாள். அந்த ஏழு நாளும் தூண்களின் பக்கம் போகாமல் சுற்றுவழியில் லயத்துக்குப் போனேன். அப்படியும் தூளியில் கிடக்கும் பிள்ளையின் அழுகை காதில் விழும். தொட்டியில் தண்ணீர் நிரம்புவதும், கீழே கல் சத்தமில்லாமல் உட்காருவதும், அதன் அடியில் தூளி ஆடுவதும் விழித்திருக்கும்போதே கண்ணுக்குத் தெரியும். மறுபக்கம் லயத்தில் இரண்டு குழந்தைகளுக்கு வயிறு சரியில்லை என்று பேச்சு வந்தது. மழை இன்னும் சரியாகத் தொடங்கக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் மூடியிருக்கும். சாவி என்னிடம் இருந்தது. அக்கா வந்து பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஊற வைத்த தண்ணீரிலிருந்து கல்லை எடுத்துச் சொட்டச் சொட்டத் தட்டின்மேல் வைத்தேன். ஆறு வருடத்துப் பழக்கம் அப்போதும் கையைப் பின்னுக்கு இழுத்தது. பம்பு அடித்தேன். முதலில் கல் வியர்த்தது. நான்கு பக்கமும் முத்து முத்தாகத் தண்ணீர் வெளியே வந்து வழிந்தது. கடுகு பொரிகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவே இல்லை. காய்ந்த கல் தாங்கியதில் பாதியைக்கூட முள் எட்டியிருக்காது. கல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பிசைந்த மாவை உள்ளங்கையால் அமுக்கினாற்போல ஓரங்கள் பிதுங்கி, வெள்ளைச் சேறாக வழிந்தது. இரண்டாவது கல்லும் அப்படித்தான். மூன்றாவதை நான் வைக்கவில்லை, அது தண்ணீரிலேயே கிடந்தது.

அக்கா அந்த வெள்ளைச் சேற்றையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரிந்தது, அல்லது தெரிந்ததாக நினைத்தேன். உண்மையைச் சொன்னால் தூண்களை இடிப்பார்கள். வெடிவைக்கிற ஆள் வந்து, நல்ல கல் எடுத்து, மறுபடி கட்டி முடிக்க ஒரு மழைக்காலம் முழுவதும் போய்விடும். இன்னொரு மழைக்கும் லயம் சுங்கைத் தண்ணீர்தான் குடிக்கும். அது என்ன என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அவரிடம் கேட்டிருக்கலாம். என்ன செய்யட்டும் அக்கா என்று ஒரு வார்த்தை. அது தொண்டைவரை வந்தது, வெளியே வரவில்லை. துணியை எடுத்துத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அக்கா எழுந்து முந்தானையை உதறினார். வாசல்வரை போய் ஒருமுறை நின்றார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

நேராகக் கிராணியார் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன்.

“ஊற வைச்ச கல்லை ஆர் காணும் உம்மைக் காய வைக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லலைங்க.”

“நான் என்ர கையால எழுதிக் குடுத்திருக்கிறன், ஊறிய கல் எண்டு. எழும்பி வந்து கல்லைத் தொட்டுக்கூடப் பாக்கேல்லை. இப்ப போய் என்னத்தைச் சொல்லுறது? எனக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளையள் காணும்.” குரலைத் தாழ்த்தி, “தூண் நிக்கும். நிக்காம என்ன. நீர் வாயை மூடிக்கொண்டு இரும்” என்றார்.

வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்குச் சிரமமான வேலை இல்லை. வாழ்நாள் முழுவதும் செய்த வேலை அதுதான். ஆனால் அன்று அது என்னால் முடியவில்லை. மறுநாள் காலை பெரட்டுக்கு, அமுங்கிப்போன கல்லை ஒரு தகரத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். துரை பெயர் கூப்பிட்டு முடிக்கும்வரை நின்றேன். முந்தின வருடம் அக்கா வரிசையை விட்டு வெளியே வந்த அதே இடத்துக்கு என் கால்கள் போயின. தட்டைத் துரையின் காலடியில் வைத்தேன். “என்னா இது?” என்றார் துரை. “ஊறுன கல்லுங்க” என்றேன். “மொதல்ல குடுத்தது ஊறலைங்க. நான் காய வச்சிட்டேன்.” அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. பின்னால் யாரோ செருமினார்கள். கிராணியார் முன்னே வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். கல்லைத் தான் பார்க்காமலே எழுதியதாக அவர் சொன்னார் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அந்த மனிதரை நான் குறைவாக எடைபோட்டிருந்தேன்.

துரை என்னை ஸ்டோரில் எல்லார் முன்னாலும் மூன்றாவது கல்லை அமுக்கிக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். பிரஸ் வேலை என்னிடமிருந்து போனது. மறுநாளே பால் வெட்டும் கத்தியைக் கொடுத்துக் காட்டுக்கு அனுப்பினார்கள். கிராணியாரைச் சுங்காய் என்ற ஊர்ப் பக்கம் வேறொரு தோட்டத்துக்கு மாற்றினார்கள். அதே வாரம் தூண்களை இடித்தார்கள். மேல்வரிசைக் கற்கள் நல்ல நிலையில் இருந்தன. அடிவரிசையில், மண்ணின் ஈரம் ஏறிய இடத்தில், கடப்பாரை சத்தமில்லாமல் இறங்கியது. ஆனாலும் லயத்தில் பேச்சு ஓயவில்லை. கங்காணி, அது நூறு வருடம் நின்றிருக்கும் என்றார். பெண்கள் சிலர் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள். அவர்கள் தலையில் சுமந்த கல் அது.

மழை வந்தது. ஸ்டோரின் பாய்லரில் காலையில் கொதித்த தண்ணீர் இருக்கும். நெருப்புப் போடுகிறவர் எனக்குப் பழக்கம். பெரட்டுக்கு முன் இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்களில் அந்தத் தண்ணீரைச் சுமந்துகொண்டு லயத்துக்குப் போவேன். யார் வீட்டுக்கு எவ்வளவு என்று அக்கா நின்று பங்கிடுவார். கைப்பிள்ளை உள்ள வீடுகளுக்கு முதலில். தன் வீட்டுக்கு வாங்கிக்கொண்டதே இல்லை. அவருக்கு ஒரு மகன் இருந்தான், ஏழு வயது. “அவன் பெரியவன் லா, தாங்குவான்” என்பார். ஆனால் தகரம் இரண்டுதான். கைப்பிள்ளை வீடுகளே பன்னிரண்டு. கடைசி வீட்டுக்குப் போகும்போது பல நாட்கள் தகரத்தின் அடியில் ஒரு குவளைதான் மிஞ்சும். அந்தக் கடைசி வீட்டுப் பெண்ணின் குழந்தை அந்த மழையில் போய்விட்டது. தவழ்கிற பருவம். அந்தக் குழந்தை சுங்கைத் தண்ணீரால்தான் போனதா என்று யாராலும் சொல்ல முடியாது. என்னால் மட்டும் வேறு காரணம் எதையும் நினைக்க முடிந்ததில்லை.

மழை ஓய்ந்து, வெடி வைத்து எடுத்த சாம்பல் நிறக் கல்லில் புதிய தூண்கள் எழும்பி, தொட்டியில் தண்ணீர் ஏறிய நாளில் குழாயடியில் திருவிழாக் கூட்டம். கடைசி வீட்டுப் பெண்ணும் குடத்தோடு வந்தாள். என்னைத் தாண்டித்தான் போனாள். முகத்தைக்கூடத் திருப்பவில்லை, அங்கே யாரும் இல்லாததுபோலப் போனாள். நான் கூட்டத்தை விட்டு விலகிப் போய் ஒரு ரப்பர் மரத்தடியில் நின்றேன். அக்கா வந்து பக்கத்தில் நின்றார்.

“அவ பேசாதது ஞாயந்தான் தம்பி. நீ சொன்னதும் ஞாயந்தான். ரெண்டையும் தூக்கிக்கிட்டுத்தான் நடக்கணும். நீ நல்லா சொமப்பே, எனக்குத் தெரியும்.”

மரத்தில் பால் வழிந்த கீறலை விரலால் தடவிக்கொண்டே நின்றேன்.

சில வருடம் கழித்து ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்தில் பாதிப் பேரை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அக்காவும் கணவரும் மகனும் பட்டியலில் இருந்தார்கள். ஈப்போ ரயில் நிலையத்துக்கு நான் மூட்டை தூக்கிக்கொண்டு போனேன். பினாங்குக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும். மகன் என் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தான். சன்னலோரம் உட்கார்ந்த அக்கா, “இப்பவாச்சும் ஒரு பொண்ணப் பாத்துக் கட்டிக்க. எவ்வளவு நாளைக்கு ரப்பர் மரத்தோட பேசிக்கிட்டு இருப்பே? மரங்கூட அலுத்துப்போயிருக்கும்” என்று கேலி செய்தார். நான் தலை குனிந்தேன். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

“ஒண்ணு சொல்லாமப் போனா மனசு கேக்காது. அந்த ஞாயித்துக்கெழமை பிரஸ்ஸு பக்கத்துல உக்காந்திருந்தேனே. என்ன செய்யட்டும் அக்கான்னு நீ கேட்டிருந்தா, யார்கிட்டயும் சொல்லாத தம்பி, தண்ணி வந்துடட்டும்னுதான் சொல்லியிருப்பேன். வாய் வரைக்கும் வந்திடுச்சு. வாசல்ல நின்னேன் பாரு, நீ கேப்பேன்னுதான் நின்னேன். நீ கேக்கலை. எனக்கு அந்தப் பாவம் வராம காப்பாத்துனது உன்னோட தைரியந்தான் லா.”

அது தைரியம் இல்லை, கூச்சம் என்று அவரிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. கேட்க வாய் வரவில்லை, அவ்வளவுதான் அக்கா என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. வாயைத் திறப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.